கூரை முட்டும் சரக்கும் ஒரு ஞாயிற்றுக்கிழமையும்

கண்ணு சேவியர்,

ஃபோனில் உன்னிடம் ஒரு விஷயத்தைச் சொல்லி முடிப்பது இப்போதெல்லாம் என்னால் ஆகிற காரியமாக இல்லை. "லோடு இறங்குதுப்பா, அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வருவதற்குள் அடுத்த லோடு வந்துவிடுகிறது. அதனால் தாளை எடுத்துவிட்டேன். பத்தாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் எழுதுகிறேன், பிழையிருந்தால் பொறுத்துக்கொள். பொறுக்கவே முடியாத பிழைகளை உன் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து திருத்திக்கொண்டிருக்கிறாள். முதல் நாலு வரியைப் பார்த்துவிட்டு, "இது பையனுக்கு எழுதற லெட்டருங்களா, கம்பெனிக்கு எழுதற சரக்குச் சீட்டுங்களா?" என்று கேட்டுவிட்டாள். இத்தனை வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனுக்கு வேறு எப்படி எழுத வரும்? இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. யார் படித்தாலும் படிக்கட்டும். உன்னைப் போல ஷெட் போட்டு உட்கார்ந்திருக்கிற பிள்ளைகள் நாலு பேர் படித்தால் இன்னும் நல்லது.

போன வாரம் ஓசூருக்கு உன் ஷெட்டைப் பார்க்க வந்தேனே, அன்றிலிருந்து எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. சொந்தமாக ஒரு யூனிட், வாசலில் போர்டு, உள்ளே புண்ணுக்குக் கட்டுகிற காஸ் துணியை வெட்டிச் சுருட்டுகிற மெஷின், தலையில் வலை மாட்டிக்கொண்டு பேண்டேஜ் சுருள்களைப் பாக்கெட் போடுகிற பெண்பிள்ளைகள். எனக்கு நெஞ்சு நிறைந்துதான் போயிற்று. அப்புறம் சரக்கு அறையைத் திறந்து காட்டினாய். உள்ளே போக முடியவில்லையே, கண்ணு. துணிக்கட்டுகள் கூரைத் தகரத்தை முட்டிக்கொண்டு நின்றன. நண்டு மாதிரி பக்கவாட்டில்தான் நடக்க முடிந்தது. ஒரு இடத்தில் என் தொப்பை மாட்டிக்கொள்ள, நீ பின்னாலிருந்து தள்ளிவிட்டாய். புதிதாக வந்த கட்டுகள் முன்னால், பழையவை சுவரோரம் அடியில். அடியில் இருப்பது எப்போது வந்தது என்று கேட்டேன். "அது கெடக்குதுப்பா, கெட்டா போவுது?" என்றாய். பசை டேப் சுருள்களை வெயில் காய்கிற தகரத்துக்கு நேர் கீழே அடுக்கியிருந்தாய். எதற்கு இவ்வளவு என்றதற்கு, "ரேட்டு ஏறிட்டா? லாரி வரலைன்னா? ஆர்டர் வந்து நிக்கறப்ப சரக்கு இல்லைன்னா என் பேரு என்னாப்பா ஆவும்?" என்றாய்.

அந்த அறையின் மூலையில்தான் உன் கட்டில். தலைமாட்டில், அம்மா போன முறை கொடுத்தனுப்பிய முறுக்கு டப்பா திறக்காமல் இருந்தது. நான் கொண்டுவந்த புது டப்பாவைப் பின்னால் வைத்துப் பழையதை முன்னால் நகர்த்தினேன். கை தானாகச் செய்தது. நீ பார்த்துச் சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு ரோஸ்லின் பேச்சை எடுத்தேன். ஓலை வாசிக்க எப்போது பெயர் கொடுப்பீர்கள் என்று பங்குச் சாமியார் கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்றேன். கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் இருவர் பெயரையும் வாசித்து, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்கவேண்டும். நீங்கள் இருவரும் நேரில் போய்ச் சொன்னால்தான் அவர் ஆரம்பிப்பார். நீ துணிக்கட்டுகளைப் பார்த்துக்கொண்டே, "அவசரம் என்னாப்பா? இன்னும் கொஞ்சம் சரக்கு சேரட்டும். யூனிட்டு நிக்கட்டும். அவ எங்க போயிடப் போறா?" என்றாய்.

அவள் எங்கே போகப்போகிறாள் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். அதற்கு முன்னால் சரக்கைப் பற்றிப் பேசிவிடுகிறேன். எனக்கு உருப்படியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

உன் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். என்னிடம் வளர்ந்த பிள்ளை வேறு எப்படி இருப்பான்? நம் வீட்டில் ஒரு சோப்பு கரையும்போது பரண்மேல் அரை டஜன் காத்திருக்கும். மெழுகுவத்தி, டார்ச் செல், செருப்பு வார், எல்லாவற்றுக்கும் ஒன்று உபரி. பஸ் ஏறினால் என் கையில் இரண்டு குடை. "நம்ம வூட்ல எல்லாத்துக்கும் ஸ்பேர் இருக்குது, புருசனுக்குத்தான் இல்ல" என்று உன் அம்மா உறவுக்காரர்கள் முன்னால் சொல்லிச் சிரிப்பாள். நான் மொரப்பூர்ப் பக்கம் இந்த மாவுக்கட்டுக் கம்பெனியில் சேர்ந்த புதிதில், ஒரு நாள் துணி லாரி வரவில்லை. எலும்பு முறிந்தவர்களுக்குப் போடுகிற மாவுக்கட்டுக்கு முக்கியம் இரண்டே பொருள்: வலை மாதிரி நெய்த துணி, அதன்மேல் பூசுகிற மாவு. ஒன்று இல்லாவிட்டால் மற்றது சும்மா. அன்றைக்கு வேலைக்கு வந்த பெண்கள் சாப்பாட்டுத் தூக்கோடு மரத்தடியில் உட்கார்ந்திருந்துவிட்டு மத்தியானமே திரும்பிப் போனார்கள். போகிற போக்கில் ஒரு அம்மா, கோபம்கூட இல்லாமல், "நாளைக்காச்சும் இருக்குமுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி என் மண்டையில் ஆணியாக இறங்கிவிட்டது. அதிலிருந்து எந்தச் சரக்கையும் ஒன்றுக்கு இரண்டாக ஆர்டர் சொல்கிறவன் ஆனேன். முதலாளி என்னைக் கெட்டிக்காரன் என்றார். நானும் நம்பிவிட்டேன்.

அப்படித்தான் ஒரு மழைக்காலத்துக்கு முன்னால், லாரி ஸ்டிரைக் வரும் என்று டீக்கடையில் யாரோ சொன்னதைக் கேட்டு, மாவு மூட்டைகளை இறக்கிக் குவித்தேன். அடியில் போடுகிற மரச்சட்டம் போதவில்லை, தரையிலேயே அடுக்கினேன். சுவரோடு ஒட்டியும் அடுக்கினேன். ஸ்டிரைக் வரவில்லை, மழை வந்தது. அந்த மாவுக்கு ஈரக்காற்றே விஷம். மூட்டையைப் பிரிக்காவிட்டாலும் ஈரத்தை இழுத்துக் கட்டிதட்டிப் போகும். எனக்கு அது தெரியாதா என்றால், தெரியும். குவியல் பெரிதாக இருந்ததால் தைரியமாக இருந்தேன், அவ்வளவுதான்.

அப்போதுதான் ரோஸ்லின் எங்கள் டெஸ்டிங் ரூமுக்குப் புதிதாக வந்திருந்தாள். அரூர்ப் பக்கம் மரவள்ளி போடுகிற குடும்பத்துப் பெண், கெமிஸ்ட்ரி படித்தவள். வந்து இறங்குகிற சரக்குக்கு முதலில் மஞ்சள் சீட்டு, அதாவது இன்னும் சோதிக்கவில்லை, தொடாதே. தேறினால் பச்சை. தேறாவிட்டால் சிவப்பு. அவள் என் குவியலில் அங்கங்கே மாதிரி எடுத்துப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே பச்சை ஒட்டியிருந்த மூட்டைகளின் மேலேயே சிவப்பை ஒட்ட ஆரம்பித்தாள். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ஏம்மா, பச்சை வாங்கின சரக்கும்மா இது!"

"அன்னிக்குப் பச்சைங்க சார். இன்னிக்கு இல்ல."

"மாவு நல்லாத்தான் இருக்குது. உன் வயசைவிட என் சர்வீஸு பெருசு, தெரியுமா?"

"சரிங்க சார். இடது கையை நீட்டுங்க."

நீட்டினேன். அந்த மாவில் செய்த பேண்டேஜ் ஒன்றைத் தண்ணீரில் நனைத்து என் கையில் சுற்றினாள். காத்திருந்தோம். சரியாக இறுகவில்லை. விரலால் தட்டியதும் ரவை மாதிரி உதிர்ந்தது. நான் விடுவேனா? சுற்றியது சரியில்லை என்றேன். "அப்படிங்களா? வலது கையை நீட்டுங்க" என்று, நல்ல மாவில் செய்ததை எடுத்து, உள்ளே பஞ்சு வைத்து அழகாகச் சுற்றினாள். நான் பேசிக்கொண்டே இருந்தேன். மழை, ஸ்டிரைக், என் சர்வீஸ், மரத்தடியில் உட்கார்ந்த பெண்கள், ஒன்று விடவில்லை. நான் சொல்லி முடிப்பதற்குள் கை கதகதவென்று சூடாகி, அப்படியே கல்லாகிவிட்டது. பிரிக்கலாம் என்று பார்த்தால், மாவுக்கட்டு செய்கிற கம்பெனியில் மாவுக்கட்டை வெட்டிப் பிரிக்கிற கருவி இல்லை! எல்லாவற்றிலும் உபரி வைத்திருந்த ஸ்டோர் கீப்பர் அதை மட்டும் வாங்கவில்லை. சிவப்புச் சீட்டில் என் கையெழுத்து வேறு வேண்டும். கடைசியில் இடது பெருவிரலில் மையைத் தடவிக் கைநாட்டு வைத்தேன். பத்தாவது படித்த பெருமையும் அன்றோடு போயிற்று.

அந்தக் கையோடு பஸ் ஏறினேன். கண்டக்டர் ஒருவரை எழுப்பி எனக்கு இடம் வாங்கிக் கொடுத்தார். நானும் முகத்தைச் சோகமாக வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உன் அம்மா பார்த்து அலறி, நான் வாயைத் திறப்பதற்குள் உனக்கு ஃபோன் போட்டுவிட்டாள். அப்போது ஓசூரில் வேலையில் இருந்த நீ, மறுநாள் காலையில் வந்து இறங்கி, வீட்டுக்குக்கூட வராமல் நேராகக் கம்பெனிக்குப் போனாய். அங்கே நடந்ததை வாட்ச்மேன் எனக்கு நடித்தே காட்டினார்.

"எங்கப்பா கையை ஒடிச்சது யாருங்க?"

"ஒடிக்கலைங்க. ஒடியாத கைக்குக் கட்டு போட்டது நான்தாங்க."

"ஒடியாத கைக்கு எதுக்குங்க கட்டு?"

"வாயிலதான் போடணும்னு பாத்தேன். அவரு மூடலைங்க."

சண்டைக்குப் போனவன் டீ குடித்துவிட்டு வந்தாய். வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து எப்படிப் பிரிப்பது என்று அவள் சொல்லிக்கொடுத்ததை எனக்குச் செய்தாய். பிரிக்கும்போது நீயாகவே சிரித்துக்கொண்டாய். அதற்கப்புறம் விடுமுறைக்கு வந்தால் என்னை அழைத்துப்போகக் கம்பெனி வாசலில் வந்து நிற்க ஆரம்பித்தாய். என்மேல்தான் அவ்வளவு பாசம் என்று நான் கொஞ்ச நாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அந்த மழைக்குப் பிறகு நானும் அவளும் உட்கார்ந்து பேசினோம். ஒரு லோடு சொன்ன நாளிலிருந்து அது வந்து இறங்கி, சோதித்துப் பச்சை வாங்குகிறவரைக்கும் எவ்வளவு மாவு செலவாகிறது என்று பார்த்தோம். "டெஸ்ட் பண்ற நாளையும் சேத்துக்குங்க சார். மஞ்சள் ஒட்டினது கையில இருக்கற சரக்கு ஆவாது" என்று அவள்தான் சொன்னாள். நான் அதுவரை இறங்கியதையெல்லாம் இருப்பு என்றே எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தச் செலவுக்கு மேல் மழைக்கும் ரோட்டுக்கும் என்று ஒரு பங்கு சேர்த்து, அந்த உயரத்தில் சுவரில் ஒரு சுண்ணாம்புக் கோடு போட்டோம். அடுக்கு அந்தக் கோட்டுக்கு இறங்கினால் அடுத்த லோடு சொல்லவேண்டும். மேலே இன்னொரு கோடு. அதைத் தாண்டி ஏறினால் யார் வேண்டுமானாலும் என்னைக் கேள்வி கேட்கலாம். முதல் மாதம் அந்தக் கோட்டைப் பார்க்கும்போதெல்லாம் இன்னொரு லோடு சொல்லிவிட ஃபோனை எடுத்து எடுத்து வைத்தேன். ஆனாலும் பெண்கள் யாரும் மரத்தடிக்குப் போகவில்லை.

நீயும் உன் சுவரில் கோடு போடு. துணிக்கட்டு சுவரிலிருந்து ஒரு ஆள் நடக்கிற அளவு தள்ளி நிற்கட்டும். டேப்பைத் தகரத்தின் அடியிலிருந்து எடு, பசை உருகி ஓரத்தில் வழிந்தால் எந்த ஆஸ்பத்திரியும் வாங்காது. பழையது முன்னால் வரட்டும். பெட்டியும் லேபிளும்கூடச் சரக்குதான். ஒரு தடவை எல்லாம் தயாராக இருந்து லேபிள் தீர்ந்துபோய், நாங்கள் முகத்தை முகம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். எல்லாவற்றையும் ஒரே ஆளிடம் வாங்காதே. உன் குவியலின் அடியில் பூஞ்சை பிடித்த ஒரு கட்டு இருந்தால், அதைத் தெரியாமல் வெட்டிச் சுருட்டினால், அது யாரோ ஒரு பிள்ளையின் புண்ணின்மேல் போய் உட்காரும். கடன்காரனுக்குப் பதில் சொல்லிவிடலாம், அந்தப் பிள்ளையின் தாய்க்குச் சொல்ல முடியாது. பயமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, எனக்கே அது கைவரவில்லை. பயத்துக்கு ஒரு கோடு போடு என்கிறேன்.

இப்போது ரோஸ்லினுக்கு வருகிறேன். ஐதராபாத்தில் ஒரு பெரிய கம்பெனியில் அவளுக்கு வேலை வந்திருக்கிறது. இந்த மாதக் கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும். உன்னிடம் சொல்லப் பல தடவை கூப்பிட்டாளாம். ஒவ்வொரு தடவையும் லோடு இறங்கியிருக்கிறது. நேற்று ஸ்டோருக்கு வந்து என் மேஜைக்கு எதிரில் நின்று, "சார், ஒரு விஷயங்க" என்றாள்.

என் கையிலிருந்த பேனா நின்றுவிட்டது. இரண்டு வீட்டிலும் பேசி முடித்து வெற்றிலை பாக்கு மாற்றிய மறுநாளிலிருந்து அவள் என்னைச் சார் என்று கூப்பிட்டதே இல்லை. கம்பெனியில் எல்லார் முன்னாலும் மாமாதான். நான் இறக்கிய சரக்கைத் தள்ளும்போதுகூட, "மாமா, இது சிவப்புங்க மாமா" என்பாள். சிவப்புச் சீட்டை வாங்கிக்கொண்டு நான் பல்லைக் காட்டியபடி திரும்புவேன்.

வேலை விஷயத்தைச் சொன்னாள். நான் என் புத்திக்கு எட்டியதைச் சொன்னேன். "கண்ணு, தேதி தாண்டின மாவைக்கூட நாம ஒடனே தூக்கிப் போட்டுடறதில்ல. திரும்ப மஞ்சள் ஒட்டி, இன்னொருக்கா டெஸ்ட் பண்ணிப் பாக்கறோமில்ல? அவனுக்கும் இன்னும் கொஞ்ச நாளு..."

"நான் சரக்கு இல்லைங்க சார்" என்றாள். "டெஸ்ட் பண்றவ."

என் வாயை மூடுவதற்கு அன்றைக்கு மாவுக்கட்டால் ஆகாதது நேற்று ஆயிற்று. அவளே பேசினாள். "வேணாம்னு சொன்னாருன்னா அழுதுட்டுப் போயிடுவேங்க. அவசரமில்லைன்னு சொல்றாரு பாருங்க, அதான் தாங்கல. ஐதராபாத்து போறதுக்கு எனக்கு பயமும் இல்ல, பெரிய ஆசையும் இல்ல. ஓசூர்ல அந்த மெஷின் சத்தத்துல ஒரு டெஸ்டிங் மேஜை போட்டுக்கிட்டு உக்காரணும்னுதான் ஆசை. ஆனா எனக்கு அங்க நிக்க எடம் இருக்குதுங்களா? கூரை வரைக்கும் அடுக்கி வெச்சிருக்காராமே."

"யாரு சொன்னது?"

"நீங்கதாங்க. தொப்பை மாட்டிக்கிச்சுன்னு கம்பெனி பூரா சொன்னீங்களே" என்று சிரித்தாள். சிரித்துவிட்டுத் துப்பட்டாவால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். போகும்போது, "அவருகிட்ட சொல்லிடுங்க சார். ஃபோன் எடுக்க மாட்டாரு, எழுதிப் போடுங்க" என்றாள். எழுதிவிட்டேன்.

கண்ணு, மாவை வைத்துக்கொள்ளலாம். துணியை வைத்துக்கொள்ளலாம். செய்து முடித்துக் காற்றுப் புகாமல் ஒட்டிய மாவுக்கட்டை வருஷக்கணக்கில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் நனைத்த மாவுக்கட்டை வைப்பதற்கு மட்டும் என் ஸ்டோரில் இடமில்லை, உலகத்தில் எந்த ஸ்டோரிலும் இல்லை. நனைத்தால் அப்போதே சுற்றவேண்டும். இறுகுகிறவரைக்கும் அசையாமல் பிடித்துக்கொண்டிருக்கவேண்டும். அப்புறம் பார்க்கலாம் என்று விட்டால், அது பக்கெட்டிலேயே கல்லாகிவிடும், எந்தக் கைக்கும் உதவாது. நீங்கள் பேசி முடித்த அன்றைக்கே நனைத்துவிட்டீர்கள்.

உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். உன் அம்மா எழுந்து அடுப்பைப் பார்க்கப் போயிருக்கிறாள், அதற்குள் எழுதிவிடுகிறேன். நாங்கள் கல்யாணம் பண்ணும்போது எங்களிடம் இருந்தது ஒரு ஸ்டவ், ஒரு பாய், ஒரு குடை. முதல் மழையில் அந்த ஒரே குடையில் கோயிலுக்குப் போனோம். அவளுக்கு வலது தோள் நனைந்தது, எனக்கு இடது தோள். மறுநாளே நான் ஓடிப்போய் இன்னொரு குடை வாங்கி வந்தேன். பாராட்டுவாள் என்று பார்த்தால், "இது எதுக்குங்க இப்ப?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மழைக்கு முன்யோசனையாக ஒரு பொருள் வாங்கியவனிடம் என்ன கோபம் என்று எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. உன் ஷெட்டிலிருந்து திரும்பி வருகிற வழியில், பஸ்ஸில், இரண்டு குடையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது விளங்கியது.

உனக்கு அவள் வேண்டாம் என்றால் அதையும் நேரில் வந்து அவளிடம் சொல். அதற்கும் ஒரு மரியாதை இருக்கிறது. வேண்டும் என்றால் சனிக்கிழமை ஷெட்டைப் பூட்டிவிட்டுத் தர்மபுரி பஸ் ஏறு. ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்ததும் சாமியார் அலுவலகத்தில் இருப்பார். ரோஸ்லின் எப்படியும் பூசைக்கு வருவாள். ஐதராபாத்தா ஓசூரா என்பதை நீங்கள் இருவரும் பேசி முடிவு பண்ணுங்கள், அதில் நான் தலையிட மாட்டேன். தலையிட்டால் கையை நீட்டச் சொல்லிவிடுவாள்.

இப்போது இங்கே காலை, சாயங்காலம் என்று பார்க்காமல் மழை பிடித்துக்கொள்கிறது. நான் பஸ் ஸ்டாண்டுக்கு வருவேன். ஒரே ஒரு குடைதான் கொண்டுவருவேன். அது ஞாயிற்றுக்கிழமை உங்கள் இரண்டு பேருக்கு. நானும் உன் அம்மாவும் நனைந்துகொண்டு வருகிறோம், எங்களுக்கு அது பாக்கியிருக்கிறது.

எல்லாவற்றிலும் ஒன்று கூடுதலாக வைத்தே பழகிவிட்டேன், கண்ணு. அவள் வாயிலிருந்து வருகிற 'மாமா' மட்டும் என்னிடம் இருப்பில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை வந்து வாங்கிக் கொடு.

அப்பா